ரஷ்யாவில் நெர்ல் ஆற்றோரக் கோயிலுக்கு நாளை போக முடியுமா?

வணக்கம். விமானம் தாமதம், பெட்டி வந்து சேரவில்லை, முன்பதிவு செய்த ரயிலும் கண்ணெதிரே போய்விட்டது. நம்மூர் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் எதுவும் 2022 முதல் ரஷ்யாவில் செல்லாது. கையில் டாலர் இருந்ததால் பிழைத்தேன். ஒருவழியாக இன்று மதியம் மாஸ்கோவிலிருந்து விளாதிமிர் வந்தாயிற்று.

வந்ததும் உஸ்பென்ஸ்கி பேராலயம். ஆந்திரேய் ருப்ளியோவும் தனியீல் சோர்னியும் 1408இல் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியம் மேற்குப் பக்க வளைவுகளில் மங்கலாகத் தெரிகிறது. கழுத்து வலித்ததுதான் மிச்சமென்று சொல்ல மாட்டேன்! பக்கத்திலேயே திமித்ரி பேராலயம். உள்ளே போக நேரமில்லை, ஆனால் வெளிச்சுவரே போதும்: வெள்ளைக் கல்லில் சிங்கங்கள், அவற்றின் வால் நுனி இலையாக விரிகிறது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாளை மாலை ஐந்துக்குத் திரும்பும் ரயில். அதற்குள் பக்கத்து ஊரான பொகொல்யூபவோ போய், நெர்ல் ஆற்றோரம் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய பொக்ரவ் கோயிலைப் பார்க்க ஆசை. புல்வெளியில் ஒன்றரை கிலோமீட்டர் போல நடக்க வேண்டுமாம். இது ஏப்ரல் கடைசி, பனி உருகி ஆறு பெருகும் காலம். பாதை மூழ்கியிருந்தால் படகு கிடைக்குமா? இந்தப் பருவத்தில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காலில் கிடப்பது ஒரே ஜோடி துணிச் செருப்பு, மற்றதெல்லாம் பெட்டியோடு போயிற்று.

அப்புறம், தலையை மூட வேண்டிய என் சால்வையும் அந்தப் பெட்டியில்தான். கோயில் வாசலில் துணி தருவார்களா, இல்லை இன்றிரவே ஒன்று வாங்கிவிடட்டுமா? காலை எட்டுக்குக் கிளம்புகிறேன், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.