கலைச்சொல்: நாடுவிட்டு நாடு போன நாடகங்கள்

> 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாடகங்கள் நாடுவிட்டு நாடு போனதற்கு ‘நாடக மொழிபெயர்ப்பு’ என்ற சொல் போதாதா? தொல்காப்பியத்திலேயே ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ (மொழிபெயர்த்து முறைப்பட நூல் செய்தல்) இருக்கிறதே.

ஐயா, வணக்கம்.

போதாது என்பது என் எண்ணம். தொல்காப்பியம் அங்கே பேசுவது வழிநூலை, அதாவது முன்பே உள்ள ஒரு நூலைப் பின்பற்றி எழுதும் நூலைப் பற்றி. முதல்நூல் கையில் இருந்தால்தான் வழிநூல். இங்கே பல நாடகங்கள் நடிகர்களின் நினைவிலும் உடம்பிலும் ஏறியே கடல் தாண்டின.

1592இல் பிராங்க்பர்ட் சந்தையில் ஆங்கில நடிகர்களைப் பார்த்த பயணி ஃபைன்ஸ் மோரிசன் எழுதியதைப் பாருங்கள்: ஆளும் முழுசாக இல்லை, நல்ல உடுப்பும் இல்லை, ஆனாலும் ஒரு சொல்லும் புரியாத ஜெர்மானியர்கள் ஆணும் பெண்ணுமாகத் திரண்டு வந்து நடிப்பையும் அசைவையும் பார்த்தார்களாம். இதில் மொழிபெயர்ப்பு எங்கே? ஜெர்மன் வசனமெல்லாம் அப்புறம் வந்தது. 1620இல் இக்குழுக்களின் நாடகங்கள் ஜெர்மனில் தொகுப்பாக அச்சேறின. டைட்டஸ் ஆன்ட்ரோனிகஸ் அதில் உண்டு, ஷேக்ஸ்பியர் பெயர்தான் இல்லை.

‘தழுவல்’ என்பதைப் பிரெஞ்சு நாடகாசிரியர் கொர்னேயின் ‘லெ சித்’ (1637) போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். கியென் தெ காஸ்த்ரோவின் ஸ்பானிய நாடகம் அச்சில் இருந்தது, அதை வைத்து எழுதினார். சரி, ‘நாடகப் பெயர்ச்சி’? குருப் பெயர்ச்சி, சனிப் பெயர்ச்சி வரிசையில் போய் உட்கார்ந்துவிடும்.

என் பரிந்துரை ‘நாடக வலசை’. பஞ்சத்துக்கும் படைக்கும் அஞ்சி ஊரைவிட்டுப் போவதையும் வலசை என்போம். பருவந்தோறும் பறவைகள் போய்த் திரும்புவதையும் அப்படியே சொல்கிறோம். இரண்டுமே பொருந்தும். 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் லண்டன் அரங்குகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள் உண்டு. திரும்பி வந்ததற்குச் சாட்சி, சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபாஸ்டின் கதை. 1587இல் பிராங்க்பர்ட்டில் அச்சான ஜெர்மன் கதை ஆங்கிலமாகி, ஆங்கில நாடகாசிரியர் மார்லோ கையில் நாடகமாகி, 1608இல் ஆங்கில நடிகர்களோடு, ஜெர்மன் பேசும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மேடைக்கு வந்தது. பின்பு ஜெர்மன் பொம்மலாட்டத்தில் புகுந்தது. பின்னாளில் ‘ஃபாஸ்ட்’ எழுதிய ஜெர்மன் கவிஞர் கதேயின் மனத்தில் முதலில் பதிந்தது அந்தப் பொம்மலாட்ட ஃபாஸ்ட்தான்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா?

நாடக வலசை (பெ.): ஒரு நாட்டு நாடகம் சுற்றும் நடிகர் குழுவோடு வேறு நாட்டு மேடைக்குப் போய், அங்கே மொழியும் உருவமும் மாறுவது.

‘சுற்றும் நடிகர் குழு’ நீளமாக இருக்கிறது. சுருக்கமான சொல் இருந்தால் தாருங்கள்.