பொருள்: தபால்தலை விளிம்பு – துளையா, பல்லா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

‘இம்பெர்ஃப்’ (கிழித்துப் பிரிக்கத் துளையே இடாத தலை), ‘ஷார்ட் பெர்ஃப்’ (துளைகளுக்கிடையே நீட்டும் முனை குட்டையான தலை), ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ (தயாரிப்பிலேயே ஒரு பக்கம் துளையின்றி நேராக வந்த தலை) மூன்றுக்கும் பொதுவாக ‘விளிம்புக் குறை’ என்று வைத்துக்கொள்ளலாம் என முந்தைய மடலில் குழும அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 1852இல் சிந்துப் பகுதியில் வந்த ‘சிந்து டாக்’ தபால்தலைக்குத் துளையே கிடையாது. 1854இல் கல்கத்தாவில் அச்சான தலைகளும் அப்படித்தான். கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரித்தார்கள். அதில் குறை எங்கிருந்து வந்தது? நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பியிருக்கிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. அந்த ஆண்டின் நாலணாத் தலையை, உள்ளிருக்கும் எண்கோணச் சட்டத்தை ஒட்டியே வெட்டி ஒட்டியவர்கள் ஏராளம். ஓரத்தோடு சதுரமாக வெட்டியது கிடைத்தால் அதன் விலையே வேறு.

பிறவியில் இல்லாததையும் பிறகு இழந்ததையும் ஒரே சொல்லில் அடைத்தால், ஏலப் பட்டியலைப் படித்து வாங்குபவர் ஏமாந்துபோவார்.

‘துளைக்குறை’ என்ற மாற்றும் எனக்கு ஒட்டவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்று அளக்கிறோம். அளவுக்குத் துளை சரி. ஆனால் கிழித்துப் பிரித்த தலையில் முழுத்துளை ஏது? அரைவட்டக் குழிகளும் அவற்றுக்கிடையே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் முனைகளும்தான் மிச்சம். சேதமாவது அந்த முனை. அதைப் ‘பல்’ என்போம். சீப்புக்கும் ரம்பத்துக்கும் பல் இருக்கிற மொழியில் தபால்தலைக்கு மட்டும் ஏன் கூடாது?

இந்த ஒரு சொல்லை ஏற்றால் மற்றவை தாமே வரும். நுனி மட்டும் தேய்ந்தால் மழுங்கல் பல். பக்கத்துப் பல்லைவிடக் குட்டையானால் குறைபல். குழியின் அடிமட்டத்துக்கும் கீழே தாளையும் சேர்த்துக்கொண்டு போயிருந்தால் பிடுங்கிய பல். இதை நான் கிழிசலாகவே கணக்கில் வைப்பேன். மூலைப் பல் போனால் கண்ணில் உடனே குத்தும், மதிப்பும் கூடுதலாக இறங்கும்.

ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் ரங்கூனிலிருந்து வந்த உறைகள் இன்னும் கிடைக்கின்றன. 1937 வரை பர்மாவிலும் இந்தியத் தலைகள்தான். நம் கடற்கரை ஈரத்தில் பசை இளகி ஆல்பத்தாளோடு ஒட்டிக்கொள்ள, பொறுமையில்லாத பேரன் ஒருவன் உரித்தால் நான்கு பல்லாவது போகும். இப்படிப்பட்டவற்றை ‘விளிம்பு சுமார்’ என்று எழுதி விற்பதுதான் எரிச்சலூட்டுகிறது. எத்தனை பல், எந்தப் பக்கம், எவ்வளவு என்று எழுதினால் என்ன?

பல் போன பக்கத்தை நறுக்கிவிட்டுப் புதிதாகத் துளையிடும் கைவேலைக்குப் ‘பொய்ப்பல்’. தலையின் அகலம் இயல்பைவிடக் குறைந்திருக்கும். எதிர்ப்பக்கக் குழிகளோடு நேர் சேராது. சாதாரணக் குறைபல் மறைக்காமல் நிற்கிறது, இது ஏய்ப்பு. தரம் பிரிக்கும்போது இரண்டும் ஒரே வரியில் வரக்கூடாது.

சுருளாகவும் சிறுபுத்தகமாகவும் வரும் தலைகளில் தயாரிப்பிலேயே நேராக வரும் பக்கத்துக்கு ‘மொட்டை விளிம்பு’. இம்பெர்ஃபுக்கு ஒருவர் தந்த ‘வெட்டுத்தலை’ வேண்டாம். போர்க்களத்தில் பொறுக்கியதுபோல் ஒலிக்கிறது. ‘துளையிடாத் தலை’ போதும்.

– ராயபுரத்திலிருந்து

---

மறுமொழி:

ஐயா, ‘பல்’ எனக்கும் சம்மதம். ‘பொய்ப்பல்’ அகராதிக்கு ஏற்ற மிடுக்கோடு இல்லை என்று யாராவது சொன்னால் ‘மறுதுளை’யைக் கொடுத்துவிடாதீர்கள், ஏய்ப்பு என்பது அந்தச் சொல்லில் தெரியவே தெரியாது.

ஆனால் உங்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது. துளையிடும் ஊசி மழுங்கிப்போன இயந்திரத்தில் துளை சுத்தமாக விழாது. வட்டத் துண்டு தொங்கிக்கொண்டே இருக்கும், கிழித்தால் பற்கள் ஏறியும் இறங்கியும் வரும். அச்சகத்திலேயே அப்படி வந்ததைக் குறைபல் என்று தள்ளினால், துளையிடாத் தலைக்கு நீங்கள் கேட்ட நியாயம் இதற்குக் கிடைக்காமல் போகும். ‘முரட்டுப் பல்’ என்று முன்மொழிகிறேன். ஒரு தாளின் பல தலைகளில் இதே கோணல் தென்பட்டால் மட்டுமே அந்தப் பெயர் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உரித்துக் கெடுத்தவர்கள் எல்லாரும் இயந்திரத்தின் மேல் பழிபோடுவார்கள்.

– தண்டையார்பேட்டையிலிருந்து