மறுமொழி: தூய அறையில் தங்கம் ‘மாசு’ ஆகுமா? ‘தொற்று’ என்ற சொல்லை முன்வைத்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சிப்பு போன்ற நுண்சாதனங்களைச் செய்யும் நானோ உருவாக்கக் கூடங்களுக்கான தமிழ்க் கையேட்டில் ‘கன்டாமினேஷன்’ (வேண்டாத பொருள் வந்து சேர்ந்து கெடுப்பது) என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தேன். மாசு, கலப்படம், தீட்டு என மூன்று விடைகள் வந்திருக்கின்றன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் நான் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கையேட்டைப் படிக்கப்போகிறவர்கள் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஆய்வகத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். இந்திய நானோமின்னணுப் பயனர் திட்டம் 2008இல் தொடங்கிய பிறகு, சொந்தத் தூய அறை இல்லாத கல்லூரிக்காரர்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை ஐஐடி போன்ற இடங்களுக்குப் போய்ச் சாதனம் செய்ய வழி பிறந்தது. அங்கே எல்லாம் பலரும் பகிர்ந்துகொள்ளும் பொறிகள். ஒருவர் தவறான வேஃபரை (சாதனம் செய்யும் மெல்லிய சிலிக்கான் வட்டை) உள்ளே வைத்தால், அவருக்கு அடுத்து வருகிறவரின் பல மாத உழைப்பு போய்விடும். அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

> தூசி இல்லாத அறைதானே தூய அறை? ‘மாசு’ என்றாலே புரியுமே, ஐயா.

தூசிக்கு ‘மாசு’ சரியான சொல், அதை அதற்கே வைத்துக்கொள்வோம். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 5ஆம் வகுப்புத் தூய அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக் கூடாது. அதை எண்ணக் கருவி இருக்கிறது, பிடிக்க வடிகட்டி இருக்கிறது. ஆனால் காற்றில் ஒரு தூசிகூட இல்லாத அறையிலும் உலை கெட்டுப்போகும். தங்கம் பூசிய வேஃபர் ஒன்று, சிலிக்கான்மேல் ஆக்சைடு வளர்க்கும் ஆக்சிஜனேற்ற உலைக்குள் போனாலே போதும். சூடான சிலிக்கானுக்குள் தங்க அணு வெகு வேகமாக ஊடுருவி, எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளியின் நடுப்பகுதியில் ஒரு மட்டத்தை உண்டாக்கிவிடும். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) அங்கே வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த மின்னூட்டத் தாங்கிகளின் ஆயுள் குறையும், கசிவு மின்னோட்டம் ஏறும். உலையின் அதே குவார்ட்ஸ் குழாயில் பின்னால் வைக்கப்படும் வேஃபர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு.

செம்பும் இப்படித்தான். கணினி நிறுவனமான ஐபிஎம் 1997இல் சிப்புக்குள் செம்பு இணைப்புக் கம்பிகளை அறிவித்தபோது, செம்பு சிலிக்கானை அண்டாதபடி இடையில் ஒரு தடுப்பு அடுக்கு வைத்தே அதைச் செய்ய முடிந்தது. சோடியத்தின் வழி வேறு. அது ஆக்சைடுக்குள் மின்புலத்தின் போக்கில் நகர்ந்து, டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். நம் வியர்வையில் இருப்பதும் அதே சோடியம்தான். பாலக்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவே சொல்லித்தர வேண்டும்.

இவை எதுவும் துகள் எண்ணும் கருவியில் தெரியாது. ‘மாசு’ என்று படிக்கும் மாணவர், துடைத்தால் போய்விடும் என்றுதான் நினைப்பார்.

‘கலப்படம்’ வேண்டுமென்றே செய்கிற மோசடிக்கு உரிய சொல். அது இங்கே பொருந்தாது.

> தொட்டால் பரவும், கழுவினால் தீரும். ‘தீட்டு’ கச்சிதமாகப் பொருந்துகிறதே?

பரவும் விதம் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கூடத்தின் சுவரில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். மலையாளத்தில் அதையே அயித்தம் என்பார்கள். கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக 1924இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த நாடு இது. அந்தத் தெருக்களில் நடக்க முடியாதவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று வேஃபர் பிடிக்க வருகிறார்கள். அவர்கள் கையுறை மாட்டும் இடத்தில் அந்தச் சொல் இருக்கக் கூடாது.

அறிவியலிலும் அது பிழை. தீட்டு என்றால் குற்றம் அந்தப் பொருளிலேயே இருப்பதாக ஆகிவிடும். தங்கத்தில் என்ன குற்றம்? வாயு உணரிக்கு மின்முனை வைக்க அதைத்தான் தேடிப்போகிறோம். கண்ணாடியில் ஒட்டாது என்பதால் அடியில் சில நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ பூசி, அதன்மேல் தங்கத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறோம். அந்த வேலைக்கு அதுவே சிறந்த பொருள். சிலிக்கானின் சூட்டு உலைக்கு மட்டும் ஆகாது. சிக்கல் பொருள் போகும் வழியில் இருக்கிறது. சொல்லும் அந்த வழியைத்தான் குறிக்க வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: தொற்று.

இது நோய்க்கு உரிய சொல், உயிரியல்காரர்கள் குழம்புவார்கள் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நோய்க்கு மட்டும் உரியதாக இருந்தால் நானும் தயங்குவேன். கூரையில் தீ தொற்றிக்கொண்டது என்கிறோம். ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொண்டு ஏறினான் என்கிறோம். வேஃபரிலிருந்து இடுக்கிக்கும், இடுக்கியிலிருந்து அடுத்த வேஃபருக்கும் ஏறிப் போகிற அணுவுக்கு இந்த வினை அப்படியே பொருந்துகிறது. மலையாள நண்பர் சொன்ன ‘பகர்ச்ச’ அவர்களுக்கு நன்றாக விளங்கும். தமிழில் பகர்தல் என்றால் சொல்லுதல், ஆகவே நமக்கு உதவாது.

மாசு, தொற்று என்று பிரித்துவிட்டால் பழைய செய்முறைகளையும் எளிதாக விளக்கலாம். அமெரிக்க மின்னணு நிறுவனமான ஆர்சிஏவில் வெர்னர் கெர்ன் 1965இல் வகுத்த கழுவுமுறையில் இரண்டு தொட்டிகள் முக்கியம். அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த முதல் தொட்டி கரிமப் படலத்தையும் துகளையும் நீக்குகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த இரண்டாவது, ஒட்டியிருக்கும் உலோக அயனிகளை நீக்குகிறது. முதலாவது மாசுக்கு, அடுத்தது தொற்றுக்கு என்றால் மாணவருக்குச் சட்டென்று பிடிபடும். உள்ளே ஊடுருவிவிட்ட தங்கத்தை இரண்டும் எடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொருள் தேர்வும் இதையொட்டியே நடக்கிறது. சிலிக்கானில் 54.7 பாகைச் சாய்வோடு குழி வெட்டப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மலிவு, நம்பகமானது. ஆனால் பொட்டாசியம் தொற்றும். வேஃபர் மறுபடி உலைக்குப் போக வேண்டுமென்றால் டெட்ராமெத்தில் அம்மோனியம் ஹைட்ராக்சைடு பக்கம் போவது நல்லது, அதில் கார உலோக அயனி இல்லை. தோலில் கொட்டினால் உயிரையே பறிக்கக்கூடியது என்ற எச்சரிக்கையை மட்டும் பெரிய எழுத்தில் போட வேண்டும். செய்முறையின் வரிசையும் தொற்றைப் பொறுத்ததே: 900 பாகை செல்சியசுக்கு மேல் போகிற உலை வேலையெல்லாம் முதலில், தங்கம் கடைசியில். தங்கமும் சிலிக்கானும் சேர்ந்தால் 363 பாகையிலேயே உருகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

பொறிகளுக்கும் பெயர் வேண்டும். அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கூடத்தில், எந்தப் பொருளை உள்ளே விடலாம் என்பதைப் பொறுத்துப் பொறிகளைக் கிளீன், செமிகிளீன், ஃப்ளெக்சிபிள் என்று வகுத்திருக்கிறார்கள். நான் தூயபொறி, இடைப்பொறி, பொதுப்பொறி என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதை ‘தொற்றுப்பொறி’ என்று எழுத மனம் வரவில்லை. புதுப் பொருளைச் சோதிக்கிறவர்கள் அதிகம் நாடுவது அந்தப் பொறியைத்தான்.

ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வெற்றிடக் கலத்துக்குள் யாராவது பித்தளைத் திருகை விட்டுவிட்டால், சூட்டில் துத்தநாகம் ஆவியாகிச் சுவரில் படியும். பிறகு வேறொருவர் கலத்தைச் சூடேற்றும்போது கிளம்பி அவருடைய வேஃபரில் இறங்கும். நாள் கழித்து வரும் இந்தத் தொற்றுக்குத் தற்போதைக்குப் ‘பின்தொற்று’ என்று போட்டிருக்கிறேன். ‘படிதொற்று’ சரியாக இருக்குமோ என்றும் ஒரு யோசனை. அச்சுக்குப் போகுமுன் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து