டரான்டுலா குஞ்சு இரை எடுக்குதில்லை, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். போன கிழமை கேர்ளி ஹெயார் டரான்டுலா (சுருள் மயிருள்ள பெரிய சிலந்தி) குஞ்சு ஒன்று எடுத்தேன். அனுமதிப் பத்திரம் இருக்கு. கால் விரித்தால் 2 சென்ரிமீற்றர் வரும். 1 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, அடியில் ஒரு விரல் கனத்துக்கு ஈரக் கொகோபீட் (தென்னந்தும்புத்தூள்). இரவில் அறைக்கு ஏ.சி. போடுவோம். கிரிக்கெட் பூச்சியை உயிரோடு விட்டால் குஞ்சு மூலைக்கு ஓடிவிடுது, பூச்சி விடியும்வரை உள்ளேயே சுத்துது. பட்டினியில் செத்துவிடுமோ?

எட்டுக்கால் கொட்டாஞ்சேனை:
முதலில் அந்தப் பூச்சியை எடுத்துவிடுங்கோ. பசித்த கிரிக்கெட், தோலுரிக்கும் சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். உயிருள்ள இரை எதுவானாலும் 24 மணித்தியாலத்துக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது.

பிறகு வயிற்றைப் பாருங்கோ. முன்னுடம்பு அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ உருண்டிருந்தால் பட்டினி என்ற பேச்சே இல்லை, வாரக்கணக்கில் தாங்கும். வயிறு சுருங்கி, கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கினால்தான் ஆபத்து. சிலந்தி காலை நீட்டுவது உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால். தண்ணீர் குறைந்தால் அழுத்தம் விழுந்து கால் தானாக மடங்கும். அப்போது தேவை தண்ணீர், இரை இல்லை.

இந்த அளவுக் குஞ்சுக்கு உங்கள் பெட்டி பெரிது, மண்ணும் போதாது. ஹொண்டுராஸ், நிகராகுவா பக்கத்து இனம் இது, சின்னதில் வளை தோண்டி ஒளிந்திருக்கும். ஒளிய இடமில்லாவிட்டால் இரையைக் கண்டும் ஓடும். மூடியுள்ள 200 மில்லிலீற்றர் தெளிவான கோப்பை எடுத்து, பக்கங்களில் சூடாக்கிய ஊசியால் 15, 20 துளை போடுங்கோ. 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கொகோபீட்டை அமுக்கி நிரப்பி, சுவரோரமாகப் பென்சிலால் சரிவாக ஒரு துளை குத்தி, வாயில் சின்ன மரப்பட்டை வையுங்கோ. கொகோபீட்டைக் கைப்பிடியில் நசித்தால் உருண்டை நிற்க வேணும், தண்ணீர் சொட்டக்கூடாது. அதன்பின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் விட்டால் போதும், மேற்பரப்பு காய்ந்திருப்பது நல்லது. முழுதும் சேறாக இருந்தால் சிலந்தி சுவரிலேயே தொங்கும், பூஞ்சணமும் வரும்.

மாற்றிய பிறகு 7 நாள் தொடவேண்டாம். பிறகு கிரிக்கெட் காலொன்றையோ நசித்த மீல்வோர்ம் (இரையாக விற்கும் வண்டுப் புழு) துண்டையோ இரவில் வளை வாயில் வையுங்கோ. இந்த வயதில் செத்த இரையையும் தின்னும். உயிரோடு கொடுத்தால் இரை குஞ்சின் வயிற்றைவிடச் சின்னதாக இருக்க வேணும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கோ.

தும்புத்தூள்:
கொழும்பில் சூடு காட்டத் தேவையே இல்லை, ஹீற்றர் விற்க வந்தால் வாங்காதேங்கோ. ஏ.சி.தான் கவனிக்க வேணும்: காற்று நேரே படும் இடத்தில் இந்தச் சின்னக் கோப்பை சீக்கிரம் காய்ந்துவிடும். அறையின் மறுபக்கம் வையுங்கோ.

அதைவிடப் பெரிய பகை நுளம்புச்சுருளும் ஸ்பிரேயும். அவற்றிலுள்ள பைரித்ரொயிட் என்ற பூச்சிமருந்து நுளம்புக்கு மட்டுமில்லை, சிலந்திக்கும் நஞ்சு. அந்த அறையில் இரண்டுமே வேண்டாம். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் கோப்பையை இறுக்கமாக மூடும் பெரிய வாளிக்குள் வைத்து, புகை கலையும்வரை ஓரிரு மணித்தியாலம் மூடிவையுங்கோ. வீட்டில் பிடித்த கரப்பொத்தானும் கொடுக்கவேண்டாம், மருந்து தின்றதோ தெரியாது.

எறும்பு வரும், மிச்ச இரைக்குத்தான் வரும். தட்டில் தண்ணீர் விட்டு, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நடுவில் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் கோப்பையை வையுங்கோ. கோப்பை சுவரிலோ தட்டின் விளிம்பிலோ முட்டக்கூடாது.

வெள்ளவத்தைவாசி:
நன்றி. இப்ப டோர்ச் அடித்துப் பார்த்தேன். வயிறு நல்ல உருண்டை. பின்பக்கத்தில் மயிரில்லாத இடம் கறுத்து மினுங்குது. மூலையில் வலையும் பின்னியிருக்கு. இப்பவே கோப்பை மாற்றலாமா?

எட்டுக்கால் கொட்டாஞ்சேனை:
மாற்றவேண்டாம்! புதுத் தோலின் மயிர் அடியில் முளைத்திருப்பதால்தான் அந்த இடம் கறுக்குது. தோலுரிக்கப் போகுது, அதனால்தான் தின்னவில்லை. மூலைக்குச் சில துளி தண்ணீர் மட்டும் விடுங்கோ, சிலந்தியின் மேல் தெளிக்காதேங்கோ. மல்லாந்து கிடந்தால் செத்ததென்று நினைத்துப் புரட்டிவிடவேண்டாம், அப்படிக் கிடந்துதான் உரிக்கும். செத்த சிலந்தி பெரும்பாலும் கால் மடங்கி நிமிர்ந்தபடியே கிடக்கும்.

உரித்ததும் கடிபற்கள் வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். சிவந்து, பிறகு கறுத்த பின்தான் இரை. இந்த அளவுக் குஞ்சுக்கு ஒரு கிழமை விட்டால் போதும். அதன்பிறகு கோப்பையை மாற்றலாம். பெட்டியைப் படுக்கப்போட்டு, மென்மையான தூரிகையால் பின்னங்காலைத் தொட்டால் தானாக உள்ளே நடக்கும். கையால் தூக்காதேங்கோ, சின்ன உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடிக்கலாம்.

மண்புற்று:
இதே கேள்வியோடு வருபவர்களுக்கு ஒன்று: உங்களிடம் இருப்பது காட்டிலோ தோட்டத்திலோ பிடித்த புலிமுகச் சிலந்தி (Poecilotheria பேரினம்) என்றால் மேலே சொன்னது பொருந்தாது. அது மரப்பொந்தில் வாழ்வது, கடித்தால் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நிற்கும். 2019 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) இரண்டாம் இணைப்பிலும் இருக்கு. பெட்டியில் வைத்துத் தீத்தப் பார்க்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ.