வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், தவளைத் தொட்டியை என்ன செய்வது?

கோட்டையூர்த் தம்பி:
தையில் சித்தப்பாவுக்குச் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். வீட்டில் இப்போதே வேலை ஆரம்பித்துவிட்டது. வளவுத் தூண்களுக்கு (நடு முற்றத்தைச் சுற்றி நிற்பவை) வார்னிஷ், ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல், முகப்புக்கு எமல்ஷன், பின்கட்டுக்குச் சுண்ணாம்பு. நான் ஒரு பேக்மேன் தவளை வளர்க்கிறேன், பெரிய வாயும் உருண்டை உடம்புமாக இருக்கிற வெளிநாட்டுத் தவளை. இரண்டாங்கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலேயே தொட்டியை வைத்திருக்கிறேன், வெயிலுக்கு அதுதான் குளுமை. பெயிண்டர் அண்ணன் "பாலித்தீன் ஷீட் போட்டு மூடிருங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்கிறார். அப்பத்தாவோ இதுதான் சாக்கு என்று "ஊருணியில கொண்டுபோய் விட்டுட்டு வா" என்கிறார். ஷீட் போட்டால் போதுமா? இன்னொன்று, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு மிஞ்சிய பச்சை பெயிண்டை அடிக்கலாமா?

திருச்சி தவளைக்காரி:
தம்பி, ஷீட் வேண்டாம். காற்றோட்டம் நின்று உள்ளே புழுங்கும், கீழ்ப்பக்கமாக வாடையும் புகுந்துவிடும். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, வயிற்றடித் தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு அந்தத் தோல் வழியாகத்தான். நமக்கு லேசான தலைவலி தருகிற வாடையே அதற்கு விஷமாகலாம்.

அதிலும் நீங்கள் வைத்திருப்பது தரையில். டர்பன்டைன், தின்னர் ஆவியெல்லாம் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். வளவு திறந்துதானே இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள், இரண்டாங்கட்டு மூலையில் காற்று அசையாது.

வேலை தொடங்கும் முன்பே வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதே வீட்டு மாடி கணக்கில் வராது. காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூள், ஒரு கிண்ணத்தில் குளோரின் நீக்கிய தண்ணீர், அவ்வளவுதான். 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வளர்ந்த தவளை ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும், அதனால் டப்பாவைக் கொடுத்து வைக்கிற வீட்டில் யாரும் கரப்பான் பிடித்துப் போட வேண்டியதில்லை.

பின்பக்கக் கண்ணாடிக்கு எமல்ஷன் அடிக்கலாம், ஆனால் வெளிப்புறம் மட்டும், தவளை இல்லாதபோது. உள்ளே எந்தப் பெயிண்டும் வேண்டாம். பெயிண்ட் டப்பாவில் "வாடை இல்லை" என்று போட்டிருந்தாலும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள், எந்நேரமும் ஈரமாக இருக்கிற தொட்டியில் அது ஊறி இறங்கும்.

ஊருணி யோசனையை மட்டும் அப்பத்தா மறந்துவிடட்டும். அது தென் அமெரிக்கத் தவளை, நம் ஊர் நீர்நிலையில் விடவே கூடாது.

தேவகோட்டை பெயிண்டர்:
நான் தொழில்காரன், தவளை பற்றித் தெரியாது. வேலை பற்றிச் சொல்கிறேன். பெயிண்டைவிடப் பெயிண்டுக்கு முந்தின வேலைதான் மோசம். பழைய ஜன்னலில் தாத்தா காலத்துப் பூச்சு ஏழெட்டு அடுக்கு இருக்கும், அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், பிள்ளைகளுக்கும் ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தேக்கு உத்தரத்துக்குக் கரையான் மருந்து அடிப்பார்களா என்று கேளுங்கள். அது பூச்சிக்கொல்லி. தவளையை விடுங்கள், மீன் தொட்டியைக்கூட வீட்டில் வைக்கக் கூடாது.

சுண்ணாம்பில் வாடை இல்லை என்று சும்மா விடாதீர்கள். ஈரச் சுண்ணாம்பு கடுங்காரம், என் கையே வெந்துபோகும். சொட்டு தொட்டியில் விழக் கூடாது.

கேட்காவிட்டாலும் ஒன்று: முகப்புச் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு என்றால் அதன் மேல் எமல்ஷன் அடிப்பது பாவம். சுவர் மூச்சு விடாது, ஈரம் உள்ளே நின்று செதில் செதிலாக உரியும்.

கோட்டையூர்த் தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. கரையான் மருந்து உண்டாம், கேட்டேன். காரைக்குடியில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். எப்போது திரும்ப வைக்கலாம்? பெயிண்டர் மறுநாளே காய்ந்துவிடும் என்கிறார்.

திருச்சி தவளைக்காரி:
தொட்டால் ஒட்டாதது வேறு, முழுக்க இறுகுவது வேறு. எமல்ஷனுக்கே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். எனாமலும் வார்னிஷும் அதற்கு மேலும் வாடை விட்டுக்கொண்டிருக்கும். சாந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகே கொண்டுவாருங்கள், ஹோமப் புகையிலிருந்தும் தப்பும். காலையில் கதவைத் திறந்ததும் வாடை வந்தால் இன்னும் பொறுங்கள். தொட்டியைப் புது நார்த்தூளோடு தொடங்குங்கள், பெயிண்டர் பிரஷ் கழுவிய வாளியில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

திரும்ப வைத்த பின் அது மண்ணுக்குள் புதையாமல் அலைந்தாலோ, தோலில் கொழகொழவென்று சளி கட்டினாலோ, கால் வெட்டி இழுத்தாலோ உடனே வெளியே எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரில் உட்கார வையுங்கள். மூக்கு மூழ்காத ஆழம் போதும், பேக்மேனுக்கு நீச்சல் சரியாக வராது. தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே, தவளை பார்க்கிற கால்நடை மருத்துவரைப் போனில் பிடியுங்கள். அந்த நம்பரை இப்போதே விசாரித்து வையுங்கள், நம் பக்கம் அப்படி ஒருவர் கிடைப்பது லேசில்லை.