மெனாமினி கவுன்ட்டி பக்கம் போனவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. நாங்க இருக்கறது கிரீன் பே. பொண்ணுக்கு ஸ்கூல்ல எங்க விஸ்கான்சின் மாநிலத்துக் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒண்ணைப் பத்தி சார்ட் செய்யச் சொல்லியிருக்காங்க. சீட்டுல வந்தது மெனாமினி.

சாட்டிலைட் மேப்புல பார்த்து அசந்துட்டேன். சுத்தி வெளிர் வயல்கள் கட்டம் கட்டமா. நடுவுல ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி கரும்பச்சைக் காடு. அங்க நியோபிட்ங்கற ஊர் மில்லுல நூறு வருஷத்துக்கும் மேல மரம் அறுக்கறாங்களாம், காடு மட்டும் குறையல!

குழப்பம் இதுதான். கவுன்ட்டியும் மெனாமினி பழங்குடியினரின் ரிசர்வேஷனும் (அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம்) கிட்டத்தட்ட ஒரே எல்லை. 1954ல வந்த சட்டத்தால 1961ல ரிசர்வேஷன் அந்தஸ்து போய், அதே நிலம் கவுன்ட்டி ஆச்சு. அந்தப் பழங்குடியைச் சேர்ந்த ஏடா டியர் போன்றவங்க போராடி 1973ல அந்தஸ்தை மீட்டாங்க. ஆனா கவுன்ட்டியும் அப்படியே இருக்கு. அப்போ மேப்புல ஒரே கலரா, ரெண்டா? லெஜண்ட் லேக் கரையில வெளியாட்களுக்கு மனை வித்த இடத்தை எப்படிக் காட்டறது?

சனிக்கிழமை நேர்லயே போகலாம்னு இருக்கோம். அங்க கெஷீனாங்கற ஊர்ல குழந்தைங்களோட பார்க்க என்ன இருக்கு? 55ஆம் ரோட்டுல உல்ஃப் ஆத்தோரம் எங்க வண்டியை நிறுத்தலாம்? காட்டுக்குள்ள இறங்க அனுமதி வேணுமா, போட்டோ எடுத்தா தப்பா நினைப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அப்புறம், அங்க விளையற காட்டரிசி எங்க கிடைக்கும்? ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா, "அதுல பொங்கல் குழையுமாடி?"ன்னு ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க.