பரிசோதனை மேசையில் பயந்து அழும் அம்மாக்களிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள்?

அக்கா தங்கைகளுக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது என் வேலை, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்போமே, அதுதான்.

போன வாரம் வந்த ஒரு அம்மாவுக்கு 55 வயது இருக்கும். மேசையில் படுத்ததுமே கால்களை இறுக்கிக்கொண்டு அழுதுவிட்டார். முதல் பிரசவத்தில் யாரோ திட்டிக்கொண்டே உள்ளே கைவிட்டுப் பார்த்தார்களாம், இத்தனை வருடம் ஆகியும் அது அவருக்கு மறக்கவில்லை. உடனே நிறுத்திவிட்டுப் போர்வையை மூடி, எழுந்து உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் திரும்பி வர வேண்டுமே!

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறேன், பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைக் காட்டி விளக்குகிறேன், வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். "காலை விரி" என்று சொல்வதை அறவே விட்டுவிட்டேன், "முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாயவிடுங்கம்மா" என்கிறேன். அப்புறம் என்ன சொல்லலாம்? மாதவிடாய் நின்றவர்களுக்கு வறட்சியால் வலி அதிகம், எங்களிடம் சிறிய ஸ்பெகுலமும் இல்லை, உங்கள் இடத்தில் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? அறைக் கதவுக்கு நேர் எதிரே புறநோயாளிகள் வரிசை நிற்கிறது, ஒரு திரைதான் மறைப்பு. மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்றும் சொல்லுங்கள்.